சிரிப்பும் உடன்பாடும்

தீயவர்களின் செயலைக் கண்டு நாம் சிரிப்பது அறமாகுமா? தீமையை நகைப்புக்கு இடமாக்குவது அதனை இகழ்வதா, அல்லது அதனோடு இணங்கிப்போவதா? மேலோட்டமாக நோக்குவோர்க்கு இவை சிறு வினாக்களாகத் தோன்றலாம். ஆயினும் நம் இல்லங்களில் மாலை முதல் நள்ளிரவு வரை ஒளிரும் திரைகள் நாள்தோறும் இவ்வினாக்களையே நம்முன் வைக்கின்றன. கூடத்தில் இருந்த ஒரே தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றிக் குடும்பமே அமர்ந்திருந்த காலம் போய்விட்டது. கைபேசி ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் இந்நாளில், இளையோர் எதைக் கண்டு சிரிக்கின்றனர் என்பதை மூத்தோர் அறிவதே அரிதாகிவிட்டது. அறியாத ஒன்றைக் கண்டிப்பது எளிது. அறிந்து ஆராய்ந்து பின் கூறுவதே, ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்த நம்மனோர்க்கு அழகு.

ஆதலின், இளையோர் பலர் விரும்பிக் காணும் அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ஒன்றனை ஈண்டு எடுத்துக்கொள்வோம். தன்னலமே வடிவான சில நண்பர்கள் கூடி ஒரு மதுக்கடை நடத்துவதே அதன் கதை. மதுவால் பெருந்துயர் கண்ட மரக்காணத்து உப்பளக் கரையில் வாழும் நாம், அத்தகைய கதையை எங்ஙனம் நோக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஐவரும் ஒரு மதுக்கடையும்

அத்தொடரின் பெயர் 'இட்ஸ் ஆல்வேஸ் சன்னி இன் பிலடெல்பியா'. 'பிலடெல்பியாவில் எந்நாளும் வெயில்தான்' என நாம் அதனைத் தமிழாக்கலாம். 2005 ஆகஸ்ட் 4 அன்று அமெரிக்காவின் எஃப்எக்ஸ் தொலைக்காட்சியில் அது தொடங்கியது. ராப் மெக்கெல்ஹென்னி என்னும் நடிகர் அதனை உருவாக்கினார். அவரும் அவருடைய நண்பர்களான கிளென் ஹோவர்ட்டன், சார்லி டே ஆகியோரும் எழுதுவோராகவும் நடிப்போராகவும் விளங்கினர். 2021 இறுதியில் 15-ஆம் பருவம் தொடங்கியபோது, நடிகர்கள் நேரில் தோன்றி நடித்த அமெரிக்கச் சூழல் நகைச்சுவைத் தொடர்களுள் மிகுதியான பருவங்களைக் கண்டது என்னும் நிலையை அது எய்தியது. 2025 இல் 17-ஆம் பருவமும் வெளிவந்தது.

கதை நிகழும் இடம் பிலடெல்பியா நகரின் தென்பகுதியில் உள்ள 'பேடிஸ் பப்' என்னும் மதுக்கூடம். டென்னிஸ், டீ என்னும் இரட்டையரான அண்ணன் தங்கையர். மேக், சார்லி என்னும் நண்பர்கள். இரட்டையரைத் தந்தையாக இருந்து வளர்த்த ஃபிராங்க். இவ்வைவரே அக்கடையின் உலகம். ஃபிராங்க் வேடத்தில் புகழ்பெற்ற நடிகர் டேனி டெவிட்டோ 2006 முதல் நடித்து வருகிறார். கடைக்கு வாடிக்கையாளர் வருவது அருமை. விற்பதற்காக வைத்த மதுவை உரிமையாளர்களே குடித்துத் தீர்க்கின்றனர். ஒருவரை ஒருவர் ஏமாற்றுதல், எளியோரைச் சுரண்டுதல், பிடிபட்டால் பழியை அடுத்தவர்மேல் சுமத்துதல் ஆகியவையே இவர்களின் அன்றாடத் தொழில். எத்தனை ஆண்டுகள் சென்றாலும் ஐவருள் ஒருவரும் திருந்துவதில்லை.

இந்நகரின் பெயரிலேயே ஒரு முரண் உள்ளது. பிலடெல்பியா என்னும் கிரேக்கச் சொல்லுக்குச் சகோதர அன்பு என்பது பொருள். 1682 இல் அந்நகரை அமைத்த வில்லியம் பென், குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். போரையும் வன்முறையையும் மறுப்போர் அப்பிரிவினர். சகோதர அன்பின் பெயரால் எழுந்த நகரில், அன்பு என்பதே அறியாத ஐவரை உலவவிட்டிருக்கின்றனர் இத்தொடரினர்.

தொடரின் அமைப்பிலும் இருவகை நுட்பங்கள் உள்ளன. முதலாவது, ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் இவர்களுள் ஒருவர் ஏதேனும் உறுதியாகக் கூறுவார். 'அப்படியொரு செயலை நாம் ஒருபோதும் செய்யமாட்டோம்' என்பது போல அது பெரும்பாலும் அமையும். மறுகணமே, அச்செயலையே இவர்கள் செய்யப்போவதை அறிவிக்கும் தலைப்பு திரையில் தோன்றும். இரவு நகரின் விளக்குகளுக்கிடையே இனிய மெல்லிசை ஒலிக்கும். வாக்குக்கும் செயலுக்கும் உள்ள தொலைவு சில நொடிகளே என்பதனை உரை எதுவுமின்றி அது உணர்த்திவிடுகிறது. இரண்டாவது, பிற தொடர்கள் பலவற்றில் இருப்பது போல, பின்னணியில் பதிவு செய்த சிரிப்பொலி இதில் இல்லை. எங்கே சிரிக்க வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. சிரிப்பதும் சிரிக்காதிருப்பதும் காண்போரின் பொறுப்பாகவே விடப்பட்டுள்ளன.

காயம் யார்மேல் விழுகிறது?

இத்தொடரில் நம் கருத்தைக் கவர்வது அவ்வைவர் அல்லர். அவ்வப்போது வந்து செல்லும் ஒரு சிறு பாத்திரம். அவனை ரிக்கெட்டி கிரிக்கெட் என்னும் பட்டப்பெயரால் அழைக்கின்றனர். இவர்களோடு பள்ளியில் பயின்றவன். 2006 இல் முதன்முறை திரையில் தோன்றும்போது அவன் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். தூய்மையான உடையும் அமைதியான முகமும் உடையவன். பள்ளி நாள் முதலே டீயின்மேல் அவனுக்குக் காதல் உண்டு. தன் தேவைக்காக அவள் அக்காதலைத் தூண்டிவிடுகிறாள். அவன் குருத்துவத்தைத் துறந்து அவள்முன் வந்து நிற்கிறான். தேவை தீர்ந்துவிட்டதால் அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள்.

அதன் பின்னர் அவன் தோன்றும் ஒவ்வொரு முறையும் ஒருபடி கீழே இறங்கியிருக்கிறான். வீடற்றவனாகிறான், போதைக்கு அடிமையாகிறான், இவர்களின் விளையாட்டுக்கு வேட்டைப்பொருளாகிறான். 2013 இல் வெளிவந்த பகுதியொன்றில் இவர்களின் வீட்டு விருந்தில் எழுந்த தீயில் அவன் முகம் வெந்துபோகிறது. ஐவரோ அடுத்த வாரம் எவ்வித வடுவுமின்றி அதே கடையில் அமர்ந்து அதே மதுவைக் குடிக்கின்றனர். அவன் வடு மட்டும் மறைவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு அது கூடிக்கொண்டே போகிறது.

இதுவே இத்தொடரின் கணக்கேடு என்று நாம் கருதுகிறோம். செய்தவர் முகத்தில் எழுதப்படாத கணக்கு, செய்யப்பட்டவன் முகத்தில் எழுதப்படுகிறது. ஐவரைக் கண்டு சிரிப்போர் அவன் முகத்தையும் கண்டால், அச்சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும். அவன் முகத்தையும் ஒரு வேடிக்கையாகவே காண்பாராயின், ஐவரோடு ஆறாமவராக அவரும் அக்கடையில் அமர்ந்துவிட்டார் என்பதே பொருள்.

காஞ்சியிலும் ஒரு மதுக்கடை

மதுக்கடையை நகைச்சுவைக்குக் களமாக்குவது மேலைநாட்டார் கண்ட புதுமை என்று எண்ணற்க. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நம் தொண்டை நாட்டை ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் வடமொழி நகைச்சுவை நாடகத்தை இயற்றினான். நம் விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றிக் குடைவரைக் கோயில் கண்ட அதே மன்னன்தான்.

நாடகத்தின் களம் காஞ்சி மாநகரம். சத்தியசோமன் என்னும் காபாலிகனும் அவன் துணைவி தேவசோமையும் குடிபோதையில் மதுக்கடைக்கு வருகின்றனர். மதுக்கடையை வேள்விச்சாலையோடு ஒப்பிட்டுப் புகழ்கிறான் அவன். இனிக் குடிப்பதில்லை என்று அவன் ஆணையிடவும், தன் பொருட்டு நோன்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவள் தடுக்கவும், உறுதி கணத்தில் கரைகிறது. பிச்சை ஏற்கும் கபாலம் காணாமற்போகிறது. வழியே சென்ற பௌத்தத் துறவியைத் திருடன் என்று பற்றிக்கொள்கின்றனர். அத்துறவியோ, மதுவையும் மங்கையரையும் அனுமதிக்கும் நூற்பகுதிகளை முதியோர் மறைத்துவிட்டனர் என்று மனத்துள் ஏங்கிக்கொண்டிருப்பவன். வழக்கைத் தீர்க்க வரும் பாசுபதனும் நேர்மையாளன் அல்லன். இறுதியில், கபாலத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்பது பித்தன் ஒருவனால் தெரியவருகிறது.

இந்நாடகத்தில் சமணரும் ஏளனத்துக்குத் தப்பவில்லை. ஆயினும் நாம் அதுபற்றி வருந்த வேண்டுவதில்லை. சமயவேடம் பூண்டோர் நெறி வழுவும்போது நகைக்கப்படுவது அந்நெறிக்கு இழுக்கன்று. நெறி வழுவியோர்க்கே இழுக்கு. மன்னனின் நாடகம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்து நின்று, கேரளத்துக் கூடியாட்ட மரபிலும் இடம்பெற்றுள்ளது. ஆனால் ஒன்றனை நோக்குக. காஞ்சியின் கதையில் இழந்தது ஒரு கபாலம். அதுவும் திரும்பக் கிடைத்துவிடுகிறது. எல்லாரும் இணக்கமாகப் பிரிகின்றனர். பிலடெல்பியாவின் கதையில் இழந்தது ஒரு மனிதனின் வாழ்வு. அது திரும்பக் கிடைப்பதில்லை. முன்னதைக் கண்டு சிரித்துவிட்டு எழுந்து செல்லலாம். பின்னது நம்மை அங்ஙனம் எழுந்து செல்ல விடுவதில்லை, விடவும் கூடாது.

நகையும் வினையும்

நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடமை என்னும் நான்கன் வழியே தோன்றும் எனத் தொல்காப்பியர் வகுத்தார். குழந்தையின் மழலையைக் கேட்டுச் சிரிப்பது இளமை பற்றியது, அதில் குற்றமில்லை. அறியாமையால் ஒருவர் தடுமாறுவதைக் கண்டு எழும் சிரிப்பில் சற்றே எச்சரிக்கை வேண்டும். எள்ளல் பற்றிய சிரிப்பே மிகுந்த ஆராய்ச்சிக்கு உரியது. எதனை எள்ளுகிறோம்? குற்றத்தையா, குற்றத்தால் வீழ்ந்தவனையா? பிலடெல்பியா ஐவரின் பேராசையைக் கண்டு நகைப்பது முன்னது. முகம் வெந்தவனைக் கண்டு நகைப்பது பின்னது. இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே ஓசையாக எழுகின்றன. ஆயினும் வினைப்பயனில் இரண்டும் வேறு.

நம் ஆகமங்கள் நகையையும் வினைக்கணக்கில் சேர்த்தே எண்ணியுள்ளன. சாரித்திர மோகனீயத்தின் பிரிவாகக் கூறப்படும் ஒன்பது நோகஷாயங்களுள் முதலாவதே ஹாஸ்யம் எனப்படும் நகை. மேலும், இல்லறத்தார்க்குரிய அநர்த்த தண்ட விரதத்தை விளக்கும் சமந்தபத்திரர், பயனின்றித் தீமை விளைக்கும் ஐந்தனுள் துச்ருதி என்பதனையும் எண்ணுகிறார். மனத்தைக் கலக்கித் தீயவழியில் செலுத்தும் கதைகளைக் கேட்டல் என்பது அதன் பொருள். இதனைக் கொண்டு, இத்தகைய தொடர்களைக் காண்பதே துச்ருதி, ஆதலின் விலக்குக என்று முடித்துவிடுவோர் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. காணாதிருப்போர் காணாதிருப்பதே நன்று. இதனைத் தேடிக் காணுமாறு நாம் எவரையும் தூண்டவில்லை.

ஆனால் விலக்கு மட்டும் விடையாகிவிடுமா? தீயோர் கதை இல்லாத அறநூல் எது? நம் புராணங்களிலும் ஏழு வியசனங்களால் கெட்டோரின் கதைகள் நிறையவே உண்டு. கதையின் பொருளை மட்டும் கொண்டு துச்ருதி என்று தீர்ப்புக் கூற முடியாது. கேட்டபின் கேட்போர் மனம் எந்நிலையில் நிற்கிறது என்பதே அளவுகோல். அவ்வளவுகோலும் நம்மிடம் உண்டு. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்தாரோடு உடன்படுதல் என்னும் மூன்றும் வினைக்கு வாயில்கள். மூன்றாவதாகிய அனுமோதனையே நம் அன்றாட வாழ்வில் மிகுதி. அதனை உணர்வதோ மிகக் குறைவு. தீச்செயலைக் கண்டு எழும் சிரிப்பு அனுமோதனை ஆவது எப்போது? அதுவே நம் கேள்வி.

அதற்கு விடை காண்பதற்கு முன், நம் கரைக்குத் திரும்புவோம்.

மரக்காணத்தில் நிகழ்ந்தது

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டிய பகுதியே என ஆய்வாளர் பலர் கருதுவர். அந்நெய்தல் நகரில் பரதவர், தம் மனைக்கு வந்த பாணர்க்குத் தேறலும் சுட்ட மீனும் அளித்து விருந்தோம்பியதை அந்நூல் காட்டும். உமணரின் உப்பு வண்டிகளும் அதே நூலில் வருகின்றன. மதுவும் உப்பும் இக்கரைக்குப் புதியன அல்ல. மது விருந்தாக இருந்த நிலை மாறி நஞ்சாகி வந்ததே நாம் கண்டது.

2023 மே மாதத்தின் நடுவில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பில் கள்ளச்சாராயம் குடித்தோர் அடுத்தடுத்து வீழ்ந்தனர். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. இரு மாவட்டங்களிலும் சேர்த்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் குடித்தது காய்ச்சிய சாராயமே அன்று. தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்னும் வேதிப்பொருள் என்று காவல்துறை அறிவித்தது. மெத்தனால் குடித்தவுடன் கொல்வதில்லை. முதலில் வழக்கமான போதையையே தரும். பல மணி நேரம் கழிந்தபின், உடல் அதனை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அவ்வமிலம் பார்வை நரம்பைத் தாக்கும்; மூச்சைத் திணறச் செய்யும். காலத்தில் மருத்துவம் பெற்றோர் பிழைப்பர். பிழைத்தோருள்ளும் சிலர்க்குப் பார்வை திரும்புவதில்லை. அடுத்த ஆண்டு, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே நஞ்சு 60-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. அதன்பின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, கள்ளச்சாராயச் சாவுக்குக் காரணமானோர்க்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழிசெய்யப்பட்டது.

எக்கியார்குப்பத்தில் இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க அரசு ஆணையிட்டது. அத்தொகையைப் பற்றி அந்நாள்களில் எழுந்த பேச்சுகளை நாம் மறக்கவில்லை. 'குடித்துச் செத்தால் பத்து லட்சம். உழைத்துச் செத்தால் ஒன்றுமில்லை' என்னும் வகையில் வேடிக்கைப் பேச்சுகள் கைபேசிகளில் பரவின. தேநீர்க் கடையிலும் பேருந்திலும் திருமண வீட்டுப் பந்தியிலும் அவை சொல்லப்பட்டன, கேட்டோர் சிரித்தனர். பொதுப்பணத்தை எதற்குச் செலவிடுவது என்பது நேர்மையான கேள்விதான். அதனைக் கேட்பதில் பிழையில்லை. ஆனால் அச்சிரிப்பு கேள்வியாக எழவில்லை. பகல் முழுதும் பாத்தியில் வெந்தோ படகில் நனைந்தோ திரும்பிய ஒருவன், அன்றிரவே கண்ணொளி இழந்து துடித்ததை மறைக்கும் திரையாகவே அது எழுந்தது. தந்தையை இழந்த பிள்ளையின் காதிலும் அது விழுந்திருக்கும் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பிலடெல்பியாவில் ஒருவனின் முகத்தில் விழுந்த வடு எழுத்தாளரின் கற்பனை. ஒப்பனையைக் கலைத்தால் அவ்வடு மறையும். நம் கரையில் விழுந்தது அங்ஙனம் மறைவதன்று. ஆயினும் இரண்டிடத்தும் சிரிப்பின் இயல்பு ஒன்றே. வீழ்ந்தவன் முகத்தை நோக்காமல் சிரிக்கும் சிரிப்பு அது.

கடை யாருடையது?

பிலடெல்பியாத் தொடரைக் காண்போர்க்கு ஓர் ஆறுதல் உண்டு. அக்கடை அவ்வைவருடையது. அதன் ஆதாயமும் பழியும் அவர்களையே சாரும். காண்போர் தொலைவில் அமர்ந்து சிரிக்கலாம். நம் நாட்டில் அவ்வாறுதலும் இல்லை.

இந்தியாவிலேயே முதன்மையாக, 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த பெருமை நம் மாநிலத்துக்கு உண்டு. 1971 இல் அவ்விலக்கு தளர்ந்தது. பின்னர் மூடுவதும் திறப்பதுமாகப் பல மாற்றங்கள் நேர்ந்தன. 1983 இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றியது. 2003 இறுதியில் சில்லறை மதுவிற்பனை முழுதும் அதன் கைக்கு வந்தது. டாஸ்மாக் என்று மக்கள் வழங்கும் கடை அதுவே. 2023-24 நிதியாண்டில் அதன்வழி அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அத்தொகை பொதுக்கருவூலத்தில் சேர்கிறது. பள்ளிக்கூடச் சுவரும் மருத்துவமனைக் கட்டிலும் பேருந்துக் கட்டணச் சலுகையும் அதே கருவூலத்திலிருந்துதான் வருகின்றன. ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நம் போன்றோரின் ஓய்வூதியமும் அங்கிருந்தே வருகிறது. இந்த ரூபாய் மதுவால் வந்தது, இந்த ரூபாய் மதுவால் வந்ததன்று எனப் பிரித்தெடுக்க எவராலும் இயலாது.

மது வாணிகம் நம் சமூகத்தார்க்கு விலக்கப்பட்ட தொழில். தலைமுறை தலைமுறையாக நாம் அதனைச் செய்ததில்லை என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அப்பெருமையை எவரும் குறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அரசு என்பது மக்களே என்று வகுப்பறையில் நாம் கற்பித்தது மெய்யானால், அக்கடையின் உரிமையாளர் யார்? நாமும் அல்லவா? நாம் செய்யவில்லை, செய்விக்கவும் இல்லை என்று கொள்வோம். மூன்றாவது வாயில் மூடியிருக்கிறதா?

அரசின் கடை இல்லையேல் கள்ளச்சாராயம் பெருகும் என்று சிலர் கூறுவர். எக்கியார்குப்பத்தார் குடித்தது அரசுக் கடைச் சரக்கு அன்று என்றும் எடுத்துக்காட்டுவர். அவ்வாதத்தில் வலிமை உண்டு. கடையை மூடினால் குடி ஒழிந்துவிடும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. அதனைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையும் அன்று. அரசுக் கடையில் கொடுக்கப் பணம் போதாதவன் மலிவைத் தேடிப் போகிறான் என்பதையும், குடிப்பழக்கம் என்னும் நிலம் முன்பே உழப்பட்டிருப்பதால்தான் நஞ்சு அங்கே விதைக்கப்படுகிறது என்பதையும் மட்டும் சுட்டுவோம். அவனைத் தனியே நிறுத்திச் சிரிப்பதற்கு, கடையின் பங்காளிகளாகிய நமக்கு உரிமை இல்லை.

இருவகை நகைச்சுவை

இப்போது நம் கேள்விக்கு விடை காணலாம். சிரிப்பவனைச் செயலுக்கு வெளியே நிறுத்தி, 'நீ வேறு, அவன் வேறு' என்று தேற்றும் சிரிப்பு அனுமோதனை ஆகிறது. சிரிப்பவனைச் செயலுக்கு உள்ளே இழுத்து, 'இதில் உன் பங்கு யாது?' என்று கேட்கும் சிரிப்பு தன்னாய்வின் தொடக்கம் ஆகிறது. நாள்தோறும் செய்த பிழையை நினைந்து மீளும் பிரதிக்கிரமணத்துக்கு அது ஒரு சிறு வாயில் எனினும் பொருந்தும்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால் வியப்பான முடிவொன்று கிடைக்கிறது. நம் தமிழ்த் திரைப்படங்களில் குடிகாரப் பாத்திரம் நெடுங்காலமாக நகைச்சுவைக்குரியது. நண்பர்கள் மதுக்கூடத்தில் கூடுவர். காதல் தோல்வியைப் பாடுவர். தள்ளாடி வீடு திரும்புவர். மது உடல்நலத்துக்குக் கேடு என்னும் எச்சரிக்கை திரையின் ஓரத்தில் சிறு எழுத்தில் ஓடும். பாத்திரமோ பார்ப்போர் உள்ளத்தைக் கவர்ந்துகொண்டிருக்கும். அவன் நல்லவன், வெகுளி, நட்புக்காக உயிரையும் கொடுப்பவன். அவன் மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போனதை அக்காட்சி காட்டாது. அவன் பிள்ளை பள்ளிக் கட்டணமின்றி வகுப்புக்கு வெளியே நின்றதையும் காட்டாது. காயப்பட்டோர் இல்லாத குடியுலகம் அது.

அமெரிக்கத் தொடர் கொடியது. அதன் சொற்கள் நம் வீட்டுக் கூடத்துக்கு ஏற்றவை அல்ல. ஆயினும் அது குடிப்போரை நல்லவராகக் காட்டி நம்மை ஏமாற்றவில்லை. அவர்களைப் போல் ஆக வேண்டும் என்னும் ஆசையை எழுப்பவில்லை. தன்னலம் ஒரு கூட்டமாகச் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதை உள்ளவாறே காட்டுகிறது. காயப்பட்டவனையும் மறைக்காமல் காட்டுகிறது. இனிப்பான பொய்யைவிடக் கசப்பான மெய் குறைந்த கேடு உடையது என்பது நம் துணிபு. ஆனால் அம்மெய்யும், காண்போர் கண் அவ்வைவரை விட்டுக் காயப்பட்டவன்பால் திரும்பும் வரையில்தான் பயன் தரும்.

நட்பைப் பற்றியும் ஒரு சொல். நட்பின் பயன் சேர்ந்து சிரித்தல் அன்று, நெறி தவறும் நண்பனை முன்வந்து இடித்துரைத்தலே என்பது திருக்குறள் காட்டும் நெறி. அவ்வைவருள் ஒருவர், ஒரே ஒருமுறை, 'இது வேண்டாம்' என்று உறுதியாகச் சொல்லி நின்றிருந்தால், இருபது ஆண்டுக் கதை ஒரே நாளில் முடிந்திருக்கும். எக்கியார்குப்பத்திலும் கருணாபுரத்திலும் குடித்தோர்க்கு நண்பர்கள் இருந்தனர். உடன் குடிக்கும் நண்பர் பலர். கையைப் பற்றித் தடுக்கும் நண்பர் எத்தனை பேர்? பிறர் துயரைப் பற்றிய வேடிக்கைப் பேச்சு நம் காதில் விழும்போது, சிரிக்காமல் இருக்கும் நண்பராகவேனும் நாம் இருக்கிறோமா?

பெற்றோர்க்கும் பெரியோர்க்கும்

கைபேசியைப் பறித்துவிடுவதால் இளையோர் மனம் திருந்திவிடும் என்று எண்ணற்க. வகுப்பறையில் நாற்பது குழந்தைகளை ஒருங்கே அமர்த்திப் பாடம் நடத்திய அனுபவத்தில் ஒன்று சொல்லலாம். ஏன் சிரித்தாய் என்று அதட்டிக் கேட்டால் குழந்தை மௌனமாகிவிடும். யாரைக் கண்டு சிரித்தாய் என்று அமைதியாகக் கேட்டால் அதுவே சிந்திக்கத் தொடங்கும். அதே வினாவை வளர்ந்த பிள்ளைகளிடமும் கேட்கலாம். 'இக்கதையில் அடிபட்டவன் யார்? அவனுக்குப் பின்னர் என்ன ஆயிற்று? அவன் நம் தெருவில் வந்து நின்றால் நாம் என்ன செய்வோம்?' இம்மூன்று வினாக்கள் போதும். அறிவுரை எதுவும் வேண்டுவதில்லை.

நம் உப்பளத் தொழிலாளர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. பாத்தியில் கடல்நீர் வற்றி உப்புப் படிந்தபின், எஞ்சி நிற்கும் நீரை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் விட்டால் அந்நீரில் உள்ள பிற உப்புகளும் சேர்ந்து படிந்து, நல்லுப்பைக் கசக்கச் செய்துவிடும். எளிதில் நீர்த்துப்போகவும் வைத்துவிடும். நகையும் வாழ்வுக்கு உப்புப் போன்றதே. அது இல்லாத வாழ்வு சுவையற்றது. நாம் அதனை முழுதும் துறக்குமாறு இல்லறத்தாரைக் கேட்கவில்லை. பிறர் துன்பத்தால் சுவை பெறும் அந்தக் கசப்பு நீரை மட்டும் உரிய நேரத்தில் வடித்துவிடுமாறு கேட்கிறோம்.

எக்கியார்குப்பத்தின் வீடுகளில் இழந்தோரின் குழந்தைகள் இன்று வளர்ந்து வருகின்றனர். நாளை அவர்கள் நம் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமரலாம். ஒரே பேருந்தில் செல்லலாம். அவர்கள் அருகில் இருக்கும்போது சொல்லக் கூசும் ஒரு வேடிக்கையை, அவர்கள் இல்லாத இடத்திலும் சொல்லாதிருப்போமாக. சொல்லக் கேட்டால், அதற்குச் சிரிக்காதிருப்போமாக.